களக் கத்தி: 6 மி.மீ. தடிமன் எதற்கு?

எல்லைக்கல் | ஜூன் 3, காலை 9.12

முடிவே செய்துவிட்டேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள். களத்துக்கு ஒரே ஒரு மடங்காத கத்தி. அலகு 20 செ.மீ., தடிமன் 6 மி.மீ., டி2 ஸ்டீல், கடினம் 61 எச்ஆர்சி (ராக்வெல் கடின அளவு), ஃபுல் டாங் (அலகின் இரும்பு பிடி நெடுக முழு அகலத்தில் போவது), முதுகில் ரம்பம், கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் உறை. வெட்ட, நெம்ப, தோண்ட, பெட்டி திறக்க எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான். உடையவே கூடாது. இதைவிடக் கெட்டியானது உண்டா?

சாணைக்கல் | ஜூன் 3, முற்பகல் 11.40

ஓட்டை ஐந்தாறு இருக்கிறது. முதலில் எடை.

அலகு 200 × 38 மி.மீ., டாங் 120 × 28 மி.மீ., இரண்டும் 6 மி.மீ. கனத்தில். தீட்டுவதற்கு முன் அந்தப் பட்டை மட்டும் 510 கிராம் சொச்சம் வரும். சரிவு இழைத்து ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 400. அதன்மேல் பிடித்தகடு, திருகு, உறை. அரைக்கிலோவைத் தாண்டிவிடும். இடுப்பில் அரைக்கிலோ தொங்கினால் ஒருநாள் அது முகாமிலேயே தங்கிவிடும். கூட வராத கத்தி எவ்வளவு கெட்டியாக இருந்து என்ன?

அடுத்தது தடிமன். பட்டை வளையாமல் நிற்கும் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 4 மி.மீ. பட்டையை 6 ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய 3.4 மடங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 4 மி.மீ. முதுகு போதாமல் கத்தி உடைவது அபூர்வம். உடையும் இடங்களே வேறு, அதைச் சாயங்காலம் எழுதுகிறேன்.

இன்னொன்று. 55 எச்ஆர்சி கத்தியும் 61 எச்ஆர்சி கத்தியும் ஒரே கனத்தில் ஒரே அளவுதான் வளையும். கடினத்தைக் கூட்டினால் விறைப்பு கூடாது. நிரந்தரமாக மடங்கும் எல்லைதான் தள்ளிப்போகும். கூடவே, மடங்காமல் பட்டென்று முறியும் ஆபத்தும் வரும்.

படைகள் எடுத்த கத்திகளைப் பாருங்கள். 1942-இல் அமெரிக்க மரீன்கள் ஏற்ற கா-பார் 178 மி.மீ. அலகு, சுமார் 4.2 மி.மீ. கனம். ஆஸ்திரியப் படைக்கு வந்த கிளாக் 78, 165 மி.மீ. ஜெர்மன் படையின் கேஎம்2000, 172 மி.மீ. ஸ்வீடன் விமானிகளின் ஃபால்க்னிவன் எஃப்1 வெறும் 97 மி.மீ., கனம் 4.5. உங்கள் பட்டியல் இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. சமாளிக்க வேண்டிய வேலையும் அந்த அளவுக்குப் பெரிதா?

கம்பளிப்பூச்சி | ஜூன் 3, மதியம் 1.05

தோண்டணும், நெம்பணும், பெட்டி உடைக்கணும்னா அதுக்குப் பேரு கடப்பாரை தம்பி. உறை மட்டும் தச்சுக்க வேண்டியதுதான்.

சாணைக்கல் | ஜூன் 3, மாலை 6.30

பூச்சி சொன்னது சிரிப்புக்கானாலும் விஷயம் சரி. தோண்டக் குழிவெட்டி இருக்கிறது. கம்பி அறுக்க மல்டிடூல் இருக்கிறது. கத்தியால் தோண்டினால் உடைகிறதோ இல்லையோ, ஒரே குழியில் வாய் மழுங்கிவிடும். மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் எந்தக் கத்தி ஸ்டீலையும்விடக் கடினமானது.

இப்போது உடையும் இடங்கள்.

முதலிடம் அலகும் டாங்கும் சேரும் தோள். கை வாய்ப்பக்கம் வழுக்காமல் தடுக்கும் கார்டு வைக்க அலகின் அகலத்தை அங்கே சட்டென்று குறைக்கிறார்கள். அந்த உள்மூலையைச் செங்கோணமாக வெட்டிவிட்டால் வளைக்கும் விசையெல்லாம் அந்த ஒரு புள்ளியில் வந்து குவியும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அங்கே விழும், ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் நீளும். பிறகு ஒருநாள் சாதாரண வேலையில் பிடி கையில் இருக்கும், அலகு மரத்தில் நிற்கும். முறிந்த முகத்தைப் பார்த்தால் கதை தெரிந்துவிடும்: ஓர் ஓரம் துருவேறி மங்கலாக இருக்கும், அது பழைய விரிசல். மீதி சாம்பல் நிறத்தில் மணிமணியாகப் பளபளக்கும், அது அன்றைக்குப் போனது. உள்மூலையை ஒன்றரை, இரண்டு மி.மீ. ஆரத்தில் உருட்டி விட்டிருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. பிடியைக் கழற்ற முடிகிற கத்தியாக இருந்தால் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். கழற்ற முடியாவிட்டால் தயாரிப்பாளர் டாங்கின் படம் போட்டிருக்கிறாரா என்று தேடுங்கள். படத்தில் மூலை கூராகத் தெரிந்தால் அடுத்த கத்திக்குப் போய்விடலாம்.

இரண்டாமிடம் முனை. கிளிப் பாயின்ட் என்று முதுகைச் சரித்து எடுத்த முனை நன்றாகக் குத்தும், ஆனால் கடைசி 15 மி.மீ. மெலிந்துபோகும். நெம்பினால் அங்கே போகும். முதுகு மெதுவாக இறங்கும் ட்ராப் பாயின்ட்டில் முனைவரை சதை இருக்கும். களத்துக்கு நான் சொல்வது அதுதான். 1941-இல் வந்த ஃபேர்பேர்ன்-சைக்ஸ் குத்துவாளைக் காட்டி “படைக் கத்தி என்றால் இதுதான்” என்பவர்கள் உண்டு. அது குத்த மட்டும் செய்தது. அதைக் கொண்டு தகர டப்பா திறந்தால் முனை போகும்.

மூன்றாமிடம் அலகில் வெட்டிய எந்தப் பள்ளமும்: முதுகு ரம்பத்தின் பல்லடி, கூர்வாய் முடியும் இடத்தில் போடும் சின்னக் காடி, கட்டைவிரலுக்கான பற்கள், ஆழமாக அடித்த முத்திரை. எல்லாமே விரிசலுக்குத் திறந்த வாசல்.

எல்லைக்கல் | ஜூன் 4, காலை 7.50

அப்படியென்றால் ஃபுல் டாங் இருந்தால் தோள் பிரச்சினையே இல்லையே? அகலம் குறையாமல் அப்படியே பிடிக்குள் போகிறதே.

சாணைக்கல் | ஜூன் 4, காலை 8.20

பெருமளவு இல்லைதான். அதனால்தான் ஃபுல் டாங்குக்கு அவ்வளவு பெயர். ஆனால் அந்தச் சொல்லை விளம்பரத்தில் எல்லோரும் போடுகிறார்கள். பிடியின் வெளிவடிவம் முழுக்க இரும்பு தெரிகிறதா, அல்லது “பிடியின் முழு நீளத்துக்கும்” ஒரு மெல்லிய கம்பி போகிறதா? இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பார்கள். முழு அகல டாங்கிலும் எடை குறைக்கப் பெரிய ஓட்டைகள் போட்டிருப்பார்கள். ஓட்டை பின்பகுதியில் இருந்தால் பரவாயில்லை. கார்டிலிருந்து முதல் 3 செ.மீ.க்குள் பெரிய ஓட்டை இருந்தால் வேண்டாம். பிடித்திருகுக்கான சின்னத் துளையைச் சொல்லவில்லை.

மறுபக்கமும் உண்டு. கா-பாருக்கு மறைந்த குறுகல் டாங்தான். அதன்மேல் தோல் வாஷர்களை அடுக்கிப் பின்மூடியைப் பொருத்தியிருக்கிறார்கள். அது இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்திருக்கிறது. குறுகல் டாங் என்றாலே மட்டம் என்று தள்ளிவிட வேண்டாம். அகலம் நியாயமாக இருந்து, தோள் உருட்டியிருந்து, சூடாக்கிக் குளிரவைத்த பதம் சரியாக இருந்தால் போதும். தள்ள வேண்டியது டாங்கின் நுனியில் மரை போட்ட கம்பியை வெல்டு வைத்து ஒட்டிய கத்தி. அடுத்து, குழல் பிடிக்குள் தீப்பெட்டியும் தூண்டில் முள்ளும் வைக்கும் வகை.

டாங்கை வேண்டுமென்றே துண்டித்த கத்தியும் உண்டு. கெர்பர் எல்எம்எஃப் 2-இல் அலகின் டாங்குக்கும் பின்பக்கச் சுத்தித் தலைக்கும் நடுவில் பிளாஸ்டிக் இடைவெளி விட்டிருக்கிறார்கள். விழுந்த விமானத்தின் உடலை வெட்டி வெளியே வரும்போது மின்கம்பி பட்டால் ஷாக் கைக்கு வரக்கூடாது என்பதற்காக. யாருக்காகச் செய்த கத்தி என்று தெரியாமல் “ஃபுல் டாங் இல்லை” என்று அதைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

கரித்தூள் | ஜூன் 4, இரவு 9.15

ஸ்டீலைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, நான் சொல்கிறேன்.

டி2-இல் கார்பன் 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம். 12 என்றதும் துருப்பிடிக்காது என்று நினைப்பார்கள். அந்தக் குரோமியத்தில் பெரும் பங்கைக் கார்பன் இழுத்துக் கார்பைடு என்னும் கடினக் கட்டிகளாக மாற்றிவிடும். இரும்பில் கரைந்து காவல் நிற்க மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் அரைகுறை ஸ்டெயின்லெஸ். அந்தக் கட்டிகள் பெரியவை, ஒழுங்கில்லாதவை. தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். பக்கவாட்டு அடி பட்டால் வாய் பல் பல்லாகப் பெயரும். 61 எச்ஆர்சியில் அதைக் கொண்டு நெம்புவது விஷப்பரீட்சை.

1095: கார்பன் 0.95 வாக்கில், வேறு ஒன்றும் பெரிதாகக் கிடையாது. 55 முதல் 58 எச்ஆர்சியில் நல்ல உரம் (அடி தாங்கி முறியாமல் நிற்கும் குணம்), எந்தக் கல்லிலும் கூராகும். துரு மட்டும் உடனே ஏறும். உப்புக்காற்றில் ஒரே இரவு போதும்.

5160: லாரிப் பட்டை ஸ்பிரிங் வகை, கார்பன் 0.6. நீள அலகுக்கும் அடித்து வெட்டும் வேலைக்கும் இதுதான்.

14சி28என்: கார்பன் 0.62, குரோமியம் 14, கொஞ்சம் நைட்ரஜன். துருவையும் தாங்கும், உரமும் உண்டு, சுலபமாகத் தீட்டலாம். நடுத்தரக் கத்திக்கு நான் முதலில் பார்ப்பது இது.

சிபிஎம் 3வி: கார்பன் 0.8, குரோமியம் 7.5, வனேடியம் 2.75. பொடி உலோகமாகச் செய்வதால் கார்பைடுகள் பொடிசாகப் பரவியிருக்கும். உரத்தில் முன்வரிசையில் நிற்கும். முழு ஸ்டெயின்லெஸ் கிடையாது. கூர் போனால் வைரத் தட்டு வேண்டும்.

கடலோரப் படை, படகு, நீச்சல் என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். எச்1, எல்சி200என் மாதிரி நைட்ரஜன் ஸ்டீலுக்குப் போங்கள்.

சாணைக்கல் | ஜூன் 5, காலை 6.45

தூள் சொன்னதில் எனக்கு மறுப்பு ஒன்றுதான்: பட்டியல் நல்ல பட்டியல், ஆனால் பெயரைப் பார்த்து வாங்கக் கூடாது. பதம் கெட்ட 3வி-யைவிடப் பதம் பார்த்த 1095 பல மடங்கு மேல். 1095-ஐ 800 டிகிரி செல்சியஸ் சுமாரில் சூடாக்கி, வேகமாகக் குளிரவைக்கும் எண்ணெயில் தோய்த்து, பிறகு 200 முதல் 260 டிகிரிக்குள் மறுசூடு கொடுக்கிறார்கள். அந்த மறுசூட்டில் 30, 40 டிகிரி முன்னே பின்னே போனாலே வேறு கத்தி ஆகிவிடும். எத்தனை எச்ஆர்சிக்குப் பதம் பிடித்தோம் என்று அளவு சொல்லாத தயாரிப்பாளரை நம்ப மாட்டேன். களத்துக்கு 55 முதல் 59 வரை. கிளாக் 55 வாக்கில் நிற்கிறது, கேஎம்2000 57 வாக்கில். இவர்களுக்கு 61 போடத் தெரியாமல் இல்லை. மழுங்கிய வாயை ராத்திரி உட்கார்ந்து தீட்டிவிடலாம், பெயர்ந்த பல்லைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

இதோடு சேர்ந்தது: மோட்டார் சாணைச் சக்கரத்தில் கத்தி கொடுப்பவர்கள் கவனிக்கவும். கார்பன் ஸ்டீலின் வாயில் வைக்கோல் மஞ்சள் தெரிந்தால் சூடு 220-ஐத் தொட்டுவிட்டது. நீலம் தெரிந்தால் 300 பக்கம், அந்த இடத்தில் பதம் போய்விட்டது. நீலத்தை உப்புத்தாள் போட்டுத் துடைத்தால் நிறம்தான் போகும், மென்மை அங்கேயே இருக்கும். அந்தப் பகுதி முழுவதையும் தேய்த்து எடுத்தால்தான் சரியாகும். நெருப்பில் கத்தியை விட்டுக் கங்கு கிளறுவதும் இதே கேடுதான்.

புதுக் கத்தி கூர் நிற்கவில்லை என்று உடனே திட்டாதீர்கள். தொழிற்சாலை பெல்ட்டில் தீட்டும்போதே நுனி வாய் சூடேறி இளகியிருக்கும். இரண்டு மூன்று முறை கல்லில் தீட்டி அந்த மேல்தோல் போனபிறகு உள்ளே இருக்கும் நல்ல ஸ்டீல் வெளியே வரும்.

எல்லைக்கல் | ஜூன் 5, மதியம் 12.10

சரி, டி2 போச்சு, 6 மி.மீ. போச்சு. முதுகு ரம்பமாவது இருக்கட்டும்?

சாணைக்கல் | ஜூன் 5, மதியம் 12.18

எதை அறுக்க?

எல்லைக்கல் | ஜூன் 5, மதியம் 12.25

மரம்.

சாணைக்கல் | ஜூன் 5, மதியம் 1.00

அறுக்காது. மரரம்பத்தின் பற்கள் இடமும் வலமும் மாறி மாறிச் சாய்ந்திருக்கும். அறுப்பின் அகலம் தகட்டைவிடப் பெரிதாக விழுந்து தகடு சிக்காமல் ஓடும். கத்தி முதுகில் அந்தச் சாய்வு கிடையாது. அரை அங்குலம் இறங்கியதும் இறுகிக்கொள்ளும். அமெரிக்க விமானப்படையின் 5 அங்குலக் கத்தியில் முதுகுப் பற்கள் வந்தது விமானத்தின் அலுமினியத் தோலையும் விதானப் பிளாஸ்டிக்கையும் பிய்த்து வெளியேறுவதற்கு. அதைப் பார்த்துப் பலரும் நகல் எடுத்துவிட்டார்கள். ரம்பம் இருந்தால் முதுகில் கட்டை வைத்து அடிக்கவும் முடியாது, கட்டைவிரல் வைத்து அழுத்தவும் முடியாது. மேலே சொன்ன விரிசல் வாசல் வேறு. கிளாக்கிலேயே 78-இல் ரம்பம் கிடையாது, 81-இல் உண்டு. 78-ஐ எடுங்கள் என்பேன்.

மருந்துப்பை | ஜூன் 6, இரவு 10.40

வாயில் பாதி ரம்பப்பல் போட்டது பற்றி? பட்டை வார், சீருடை, பூட்ஸ் நாடா அறுக்க எங்களுக்கு அது உதவுகிறது.

சாணைக்கல் | ஜூன் 7, காலை 6.20

நைலான் வாருக்கு உதவும், மறுக்கவில்லை. வாய் மழுங்கிய பிறகும் பல் இழுத்து அறுக்கும். விலை என்னவென்றால், பற்களைப் பிடிக்குப் பக்கத்தில்தான் வைக்கிறார்கள், செதுக்கும்போது கை பலம் முழுதாக இறங்குவதும் அங்கேதான். தட்டைக் கல்லில் தீட்ட முடியாது, கூம்பு வடிவ வைரக் கம்பி வேண்டும், ஒவ்வொரு பள்ளமாக. ஆள்மேல் இருக்கும் துணியை வெட்டக் கூர்முனைக் கத்தியே வேண்டாம். மொட்டைமுனைக் கத்தரியும் கொக்கி வடிவ வார்வெட்டியும் பையில் இருக்கட்டும். அடிபட்டவரின் தோலுக்கும் சட்டைக்கும் நடுவில் 15 செ.மீ. முனையை விடுவது இருட்டில் செய்கிற வேலை இல்லை.

மருந்துப்பை | ஜூன் 7, காலை 6.55

கத்தரி இருக்கிறது. எப்போதும் யாராவது டேப் வெட்டி மழுக்கி வைத்திருப்பார்கள்.

சாணைக்கல் | ஜூன் 9, இரவு 8.05

உறை. கத்தியைவிட இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

கத்தியை உறையில் போட்டு, பொத்தான் வாரைத் திறந்துவிட்டு, தலைகீழாகப் பிடித்துப் பலமாக உதறுங்கள். விழக்கூடாது. அடுத்து உறையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். கடகடவென்றால் ராத்திரி நடையில் அதுவே காட்டிக்கொடுக்கும். கைடெக்ஸில் இது சகஜம். உறையின் ஓரத் திருகுகளை இறுக்கி, அடியில் ரப்பர் வாஷர் போட்டால் அடங்கும். எல்லாத் திருகுக்கும் நீல நிற மரைப்பசை ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது.

உருவும்போது பொத்தான் வார் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பல உறைகளில் வார் நேராகக் கூர்வாயின் பாதையில் வந்து மடியும். உருவ உருவ ஒவ்வொரு இழையாக அறுந்து ஒருநாள் வார் கையோடு வரும். கத்தி எங்கே விழுந்தது என்று அப்புறம்தான் தேடுவார்கள். வாரை முதுகுப் பக்கம் மாற்ற முடிகிற உறை நல்லது.

அடியில் வடிகால் துளை கட்டாயம். ஓடையைக் கடந்து வந்தபின் உள்ளே தேங்கும் நீர் எந்த ஸ்டீலையும் சோதிக்கும். மணல் போனால் கைடெக்ஸின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு உருவலிலும் அலகைக் கீறும், வாயை மழுக்கும். வாரம் ஒருமுறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவித் தலைகீழாகக் காயவையுங்கள். கைடெக்ஸ் சூட்டில் இளகும் பொருள், சூடான எஞ்சின் மூடிமேல் வைத்து மறந்தால் வாய் கோணிக் கத்தி உள்ளே போகாது.

தோல் உறை சத்தமே போடாது, பிடிக்கவும் இதமாக இருக்கும். நனைந்தால் காய நாளாகும். பதனிட்ட தோலில் இருக்கும் அமிலமும் உப்பும் ஈரத்தோடு சேர்ந்து அலகைத் தின்னும். ஊர்வலத்துக்குத் தோல், களத்துக்கு வேறு.

மோல்லி பட்டியில் (அங்கி, பையின்மேல் வரிசையாகத் தைத்த பட்டைகள்) மாட்டுவதானால்: பட்டைகள் 25 மி.மீ. அகலம், ஒன்றுக்கொன்று 25 மி.மீ. இடைவெளி, 38 மி.மீ.க்கு ஒரு தையல். உறையின் கொக்கி இந்த அளவுக்குப் பொருந்தி, குறைந்தது இரண்டு வரிசையில் நெய்து உட்கார வேண்டும். ஒரே வரிசையில் தொங்கினால் ஓடும்போது ஊஞ்சலாடும்.

கம்பளிப்பூச்சி | ஜூன் 9, இரவு 8.30

நெஞ்சுல தலைகீழா மாட்டுனா கெத்தா இருக்கே?

சாணைக்கல் | ஜூன் 9, இரவு 8.41

குப்புறப் படுத்துப் பார். அப்புறம் சொல். அதோடு, நெஞ்சுப்பையில் திசைகாட்டி வைப்பவர்கள் பக்கத்தில் இரும்புக் கத்தி மாட்டக்கூடாது. முள் இழுபட்டுத் திசை பிசகும். திசை பார்க்கும் நேரத்தில் கத்தி, துப்பாக்கி எல்லாம் தள்ளி இருக்கட்டும்.

எல்லைக்கல் | ஜூன் 12, காலை 8.00

கடையில் கத்தியைக் கையில் எடுத்தால் கூர்வாய் கனமா மெல்லிசா என்று அளவுகோல் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

சாணைக்கல் | ஜூன் 12, இரவு 9.20

நல்ல கேள்வி, இதை யாரும் கேட்பதில்லை. முதுகுக் கனத்தைப் பார்ப்பார்கள், வாய்க் கனத்தை விட்டுவிடுவார்கள். வெட்டுவது வாய்தான்.

வெளிச்சத்தில் சாய்த்தால் கூர்வாயை ஒட்டி ஒரு மெல்லிய பளபளக் கோடு தெரியும். அதுதான் கடைசிச் சாணைச் சரிவு. பக்கத்துக்கு 20 டிகிரி என்று எடுத்துக்கொண்டால், அந்தக் கோட்டின் அகலத்தை 0.7-ஆல் பெருக்கினால் வாய்க்குப் பின்னால் இருக்கும் கனம் கிடைக்கும். கோடு முக்கால் மி.மீ. என்றால் கனம் அரை மி.மீ., அருமையாக வெட்டும். கோடு ஒன்றரை மி.மீ. என்றால் கனம் ஒரு மி.மீ., பிளக்கும், வெட்டாது. களக் கத்திக்கு 0.5 முதல் 0.8 வரை கனம் போதும். அதற்குக் கீழே போனால் எலும்பிலும் கம்பியிலும் பட்டு வாய் மடங்கும்.

6 மி.மீ. முதுகும் குட்டைச் சரிவும் உள்ள கத்திகள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கும். கயிற்றை அறுக்க முடியாமல் ஆள் அழுத்துவான், அழுத்தும்போது வழுக்கும், கை போகும்.

சாணைக்கல் | ஜூன் 13, காலை 6.10

நேற்றைய குறிப்போடு சேர்த்துத் தீட்டும் முறையையும் போட்டுவிடுகிறேன், தனிமடலில் கேட்கிறார்கள்.

கோணம் பிடிக்கக் கருவி வேண்டாம். வாயிலிருந்து முதுகுவரை அலகின் அகலம் 30 மி.மீ. என்றால், 20 டிகிரிக்கு முதுகு கல்லிலிருந்து 10 மி.மீ. உயர வேண்டும். 25 டிகிரிக்கு 12.5. நாணயங்களை அந்த உயரத்துக்கு அடுக்கி முதுகை ஒருமுறை சாய்த்துப் பார்த்தால் கை அந்த உயரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். செதுக்கும் கத்திக்கு 20, அடித்து வெட்டும் கத்திக்கு 25.

பளபளக் கோட்டின்மேல் கறுப்பு மார்க்கர் பூசுங்கள். கல்லில் இரண்டு இழுப்பு. மை மேலே மட்டும் போயிருந்தால் முதுகைத் தூக்க வேண்டும், நுனியில் மட்டும் போயிருந்தால் இறக்க வேண்டும், முழுக்கப் போயிருந்தால் கோணம் சரி. ஒரே பக்கம் தொடர்ந்து தேய்த்து, மறுபக்கம் விரலைக் குறுக்கே வருடினால் பிசிர் தட்டுப்படும். வாய் நெடுக, அடியிலிருந்து முனைவரை, பிசிர் வந்தபிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். முனையருகே வாய் வளையும் இடத்தில் பிடியைக் கொஞ்சம் தூக்காவிட்டால் அங்கே கூர் வராது. “முனைப்பக்கம் மட்டும் வெட்ட மாட்டேன்கிறது” என்பதற்குக் காரணம் இதுதான். பிறகு மாறி மாறி லேசான இழுப்பு, கடைசியாக இடுப்பு வாரின் உட்பக்கத்தில் பின்னோக்கி இழுத்துப் பிசிரை எடுத்துவிடலாம்.

பையில் வைக்க உள்ளங்கை நீள வைரத் தட்டு ஒன்று போதும், சொரசொரப்பு எண் ஒருபக்கம் 400, மறுபக்கம் 1000 என்று. எண்ணெய் வேண்டாம், தண்ணீர் போதும்.

மருந்துப்பை | ஜூன் 15, மாலை 5.30

பிடி பற்றி எழுதவில்லையே. கையுறையோடு வழுக்குகிறது என்று புகார் வருகிறது.

சாணைக்கல் | ஜூன் 15, இரவு 9.00

மைக்கார்ட்டா அல்லது ஜி10. மைக்கார்ட்டா துணியைப் பிசினில் ஊறவைத்து அழுத்தியது, பளபளப்பாக்காமல் சொரசொரப்பாக விட்டால் நனைந்தபின் பிடிமானம் கூடும். ஜி10 கண்ணாடியிழை, கெட்டி, ஆனால் கூரான கட்டங்கள் செதுக்கியிருந்தால் வெறுங்கையைத் தோலுரிக்கும். மென்ரப்பர் பிடி கைக்கு இதம்தான். கொசுவிரட்டியில் இருக்கும் டீட் பல பிளாஸ்டிக்குகளை இளக்கும், டீசலும் துப்பாக்கி எண்ணெயும் ரப்பரை ஊதவைக்கும். சில மாதத்தில் பிசுபிசுவென்று ஆகும். கண்ணாடியிழை கலந்த நைலானுக்கு இந்தத் தொல்லை குறைவு. கொசுவிரட்டி பூசிய கையைத் துடைத்துவிட்டுப் பிடியைத் தொடுவது நல்ல பழக்கம்.

விரலுக்கு விரல் பள்ளம் வெட்டிய பிடி வேண்டாம். அது ஒரே கைக்கும் ஒரே பிடிக்கும் செய்தது, கையுறை போட்டால் எந்த விரலும் பள்ளத்தில் உட்காராது. பின்முனையில் சற்றுக் கொக்கியாக வளைந்திருந்தால் போதும். கார்டு கீழ்ப்பக்கம் மட்டும். மேலும் இருந்தால் கட்டைவிரலை முதுகில் வைக்க இடிக்கும். கடும் பனிப் பிரதேசத்துக்கு மட்டும், இரும்பு ஓரம் தெரியும் ஃபுல் டாங்கைவிடப் பிடிக்குள் மறைந்த டாங் மேல். வெறுங்கையில் இரும்பு குளிரை இழுத்துத் தரும்.

கயிறு வளையம் போட்டால் மணிக்கட்டில் சுற்றாமல் கட்டைவிரலில் மாட்டுங்கள். ஓங்கி வெட்டும்போது கை நழுவினால் மணிக்கட்டுக் கயிறு கத்தியைத் திருப்பி உங்களிடமே கொண்டுவரும்.

கரித்தூள் | ஜூன் 22, இரவு 7.45

சாணைக்கல் நீளத்தைப் பற்றி முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் 20 செ.மீ.யைக் கிண்டல் செய்ததோடு சரி. அடர்காட்டில் 20-ம் போதாது.

சாணைக்கல் | ஜூன் 23, காலை 6.30

அடர்காட்டுக்கு 20 போதாது என்பதால்தான் 20 வேண்டாம் என்கிறேன். அங்கே வேண்டியது 2 மி.மீ. கனத்தில் 40, 45 செ.மீ. வெட்டுக்கத்தி. 20 செ.மீ. கத்தி கிளை வெட்டக் குட்டை, மரம் செதுக்க நீளம். வெட்டுக்கத்தி கூட இருந்தால் இடுப்புக் கத்தி 10 முதல் 12 செ.மீ. போதும். ஒரே கத்திதான் என்ற நிபந்தனை இருந்தால் 14 முதல் 17. படைகள் எடுத்தவற்றில் பல இந்த எல்லையிலும் அதற்குச் சற்று மேலும்தான் நிற்கின்றன, அவற்றுக்குத் துப்பாக்கி முனையில் ஏறும் கடமை வேறு இருந்தால் இன்னும் நீளும். மரீன்களின் ஓகேசி-3எஸ் 8 அங்குலம் என்றால் அது பயனெட் என்பதால்.

வாங்குமுன் பிரிவின் நிலையாணையையும் பார்த்துவிடுங்கள். சொந்தக் கத்திக்கு நீள வரம்பு இருந்தால் இந்த விவாதமே முடிந்தது.

எல்லைக்கல் | ஜூலை 2, மாலை 4.15

புதுப் பட்டியல்: அலகு 14 செ.மீ., கனம் 4.5, ட்ராப் பாயின்ட், 1095, 57 எச்ஆர்சி, முழு அகல டாங், மைக்கார்ட்டா, பல் இல்லாத வெற்று வாய், முதுகில் ரம்பம் இல்லை. பார்சல் நாளை வருகிறது. வந்ததும் என்ன பார்க்க வேண்டும்?

சாணைக்கல் | ஜூலை 2, இரவு 9.50

முதலில் முதுகைக் கண்ணுக்கு நேரே வைத்து நீட்டிப் பாருங்கள், வாய்க்கோடு முனைவரை நேராக ஓட வேண்டும். பதம் போடும்போது முறுக்கியிருந்தால் இங்கே தெரியும், அப்படியே திருப்பி அனுப்புங்கள். அடுத்து வாயை மேலாக வைத்து விளக்கின் கீழே சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது. எங்காவது மின்னினால் அங்கே மழுங்கலோ பெயர்வோ இருக்கிறது. பிடியை விரல் முட்டியால் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வர வேண்டும். கடகடத்தால் திருகு தளர்வு.

பிறகு பித்தளைக் கம்பி. 6 மி.மீ. கம்பியை மேசையில் கிடத்தி, வாயைத் தீட்டும் கோணத்தில் அதன்மேல் அழுத்தி நெடுக இழுங்கள். வாய் துளி வளைந்து கம்பியைத் தாண்டியதும் நிமிர வேண்டும். வளைந்தபடியே நின்றால் பதம் மென்மை. நொறுங்கினால் கடினம் அதிகம். புது வாயின் சூடேறிய மேல்தோல் ஏமாற்றும் என்பதால் ஒருமுறை தீட்டிவிட்டே இதைச் செய்யுங்கள்.

கடைசியில் காய்ந்த கட்டை. கண்ணாடி போட்டுக்கொண்டு, கை கனமுள்ள கட்டையின் தலையில் வாயை வைத்து, இன்னொரு கட்டையால் கத்தி முதுகில் அடித்துப் பிளக்கவும், அடி முனைக்கும் பிடிக்கும் நடுவில் விழட்டும். முடிச்சுள்ள இடத்தில் இருபது முப்பது வெட்டு வெட்டுங்கள். முனையை ஒரு செ.மீ. மரத்தில் இறக்கிப் பக்கவாட்டில் நெம்பிப் பெயர்த்தெடுங்கள். திரும்ப விளக்கின் கீழே பார்க்கவும். போவதாக இருந்தால் வீட்டிலேயே போகட்டும், உத்தரவாதக் காலத்திலேயே போகட்டும்.

எல்லைக்கல் | ஜூலை 6, காலை 10.30

எல்லாம் தேறியது. தீமூட்டும் ஃபெரோ கம்பியைக் கத்தி முதுகால் உரசினால் மட்டும் பொறி வரவில்லை. 1095-இல் பொறி வரும் என்றார்களே?

சாணைக்கல் | ஜூலை 6, மதியம் 12.40

முதுகில் கறுப்புப் பூச்சு இருக்கும், மூலை உருண்டிருக்கும். ஃபெரோ கம்பியில் பொறி கம்பியிலிருந்து வருவது, கத்தி அதைச் சுரண்ட மட்டும் செய்கிறது. எந்த ஸ்டீலானாலும் மூலை 90 டிகிரியில் கூராக இருந்தால் போதும். முனையிலிருந்து ஒரு கைப்பிடி தள்ளி, 4 செ.மீ. நீளத்துக்கு மட்டும் அரத்தால் பூச்சை எடுத்து மூலையைச் செங்கோணமாக்குங்கள். கட்டைவிரல் வைக்கும் இடத்தில் செய்ய வேண்டாம். அந்த நாலு செ.மீ. இனி வெறும் இரும்பு, வாயைப் போலவே அதற்கும் துடைத்ததும் ஒரு சொட்டு எண்ணெய் வேண்டும். அதே கத்தியால் சாப்பாடு வெட்டுவீர்கள் என்றால் துப்பாக்கி எண்ணெய் வேண்டாம், உணவுக்கு ஆகும் மினரல் எண்ணெய் போடுங்கள். மாதக்கணக்கில் பெட்டியில் வைக்கும்போது உறைக்கு வெளியே, எண்ணெய்த் துணியில் சுற்றி.

கம்பளிப்பூச்சி | ஜூலை 6, மதியம் 12.52

கடப்பாரைக்கும் இதே எண்ணெயா?